ஒப்பீட்டு மனைவி

டிரைவர் இருபத்தொன்பது வருடம் நகரப் பேருந்து ஓட்டியவர். அத்தனை வருடத்தில் ஒரு சைக்கிளைக்கூட உரசியதில்லை. ஓய்வு பெற்ற பதினான்காம் வருடம் சமையலறையில் ஒட்டடை அடிக்க முக்காலிமேல் ஏறினார். முக்காலி நின்ற இடத்திலேயே நின்றது. அவர்தான் நகர்ந்துவிட்டார். இடுப்பு எலும்பு முறிந்து, உள்ளே ஒரு உலோகத் துண்டை வைத்துத் தைத்து, வீட்டுக்கு அனுப்பினார்கள். வீடு நான்காம் மாடியில். லிஃப்ட் கிடையாது. தூக்கிக்கொண்டு வந்த இரண்டு பேரும் மூச்சு வாங்க அவரைக் கட்டிலில் கிடத்திவிட்டு, "ஐயா, இனிமே நீங்களா இறங்கினாத்தான் உண்டு" என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

அவர் தானாக இறங்க வேண்டும் என்பதற்காகத்தான் அரசு ஒரு நர்ஸை அனுப்பியது. திங்கள், புதன், வெள்ளி, காலை பத்து மணி, முக்கால் மணி நேரம். ஒரு ஓரம் மட்டும் ஆறாமல் அடம்பிடித்த தையலைப் பிரித்துப் பார்த்து மருந்து வைத்துக் கட்டுவாள். கணுக்கால் வீங்கியிருக்கிறதா பார்ப்பாள். மாத்திரைகளை வேளைவாரியாகப் பிரித்து வைப்பாள். பிறகு வாக்கரைப் பிடிக்கவைத்து, கட்டிலிலிருந்து ஜன்னல் வரை நடத்துவாள். நடக்கும்போது வலி தெரியாமலிருக்க, "அப்புறம் அந்த மேம்பாலத்துல பிரேக் பிடிக்கலைன்னீங்களே, என்ன ஆச்சு?" என்று கேட்பாள். டிரைவர் மேம்பாலம் இறங்குவதற்குள் ஜன்னல் வந்துவிடும்.

ஜன்னலுக்கு நேர் கீழே பேருந்து நிறுத்தம். இந்தக் காலத்து ஓட்டுநர்கள் வண்டியை நடைபாதையிலிருந்து இரண்டடி தள்ளிக் கோணலாக நிறுத்துவதை டிரைவர் மேலிருந்து பார்த்துப் பல்லைக் கடிப்பார். கத்தினால் கேட்காது. கீழே போய், அந்த நிறுத்தத்து பெஞ்சில் உட்கார்ந்து, ஒவ்வொருவனையும் நேருக்கு நேர் கேட்க வேண்டும். அதற்கு அறுபத்துநாலு படி இறங்க வேண்டும். நர்ஸ் வரத் தொடங்கிய ஆறாவது வாரம், வாசற்கதவு வரை வந்துவிட்டார்.

கிளம்பும்போது நர்ஸ் செருப்பை மாட்டிக்கொண்டே, "அம்மா, கையைக் குடுங்க" என்று பிரஷர் மாத்திரை சாப்பிடும் டிரைவரின் மனைவிக்கும் ஒரு தடவை பிரஷர் பார்த்துவிட்டுப் போவாள். அது எந்தக் காகிதத்திலும் இல்லாத வேலை.

எந்தக் காகிதத்திலும் இல்லாத வேலை எங்கேயாவது ஒழுங்காக நடந்தால், அதை மோப்பம் பிடித்துக்கொண்டு ஒரு நிறுவனம் வந்து சேரும் அல்லவா? வந்தது. முதியோருக்கான வீட்டுப் பராமரிப்பின் மதிப்பும் தரமும் அளக்கும் உயர்நிலை ஆய்வு நிறுவனம். பெயரைச் சொல்லி முடிப்பதற்குள் ஒரு முதியவர் தேறிவிடலாம், அல்லது போய்ச் சேர்ந்துவிடலாம்.

வந்தவர்கள் இருவர். ஒருவர் இயக்குநர். மற்றவர் கள ஆய்வாளர். நாற்பத்தைந்து வயது, முன்வழுக்கை, கழுத்தில் மாட்டிய ஸ்டாப்வாட்ச். கதவு தட்டியதிலிருந்து திறந்தது வரை எத்தனை விநாடி என்று அதில் பார்த்துக் குறித்துக்கொண்டதால், டிரைவரின் மனைவி அந்த நிமிடமே அவருக்கு 'ஸ்டாப்வாட்ச்' என்று பெயர் வைத்துவிட்டாள். அதன்பின் அவருடைய சொந்தப் பெயர் யாருக்கும் தேவைப்படவில்லை.

இயக்குநர் உட்காரவில்லை. உட்கார்ந்தால் உரை நிகழ்த்த முடியாது.

"எங்களுக்கெல்லாம் முதியோர் மேல ரொம்ப அன்பு. ஆனா அன்பு இருக்கற இடத்துல அளவு தப்பும். அதனால அன்பைத் தனியா எடுத்து வெச்சுட்டுத்தான் நாங்க ஆராய்ச்சியையே ஆரம்பிப்போம்" என்றார்.

"சார், சிஸ்டர் வர்றாங்க, நான் தேறிட்டு வர்றேன். இதுல கண்டுபிடிக்க என்ன இருக்கு?" என்றார் டிரைவர்.

"அவங்க வரலைன்னாலும் நீங்க தேறியிருக்கலாமே?"

"எப்படி சார்?"

"தெரியாது. தெரியாததுனாலதான் எங்களுக்கு ஒரு கட்டடமே குடுத்திருக்காங்க. உங்களை மாதிரியே இன்னொருத்தர் வேணும். அதே வயசு, அதே வீட்டுக் காத்து, அதே சாப்பாடு, அதே மாடி. எல்லாம் ஒண்ணா இருக்கணும், பராமரிப்பு மட்டும் இருக்கக் கூடாது. பன்னிரண்டு வாரம் ரெண்டு பேரையும் அளப்போம். உங்களுக்கும் அவருக்கும் நல்ல வித்தியாசம் தெரிஞ்சா நர்ஸ் தொடருவாங்க. தெரியலைன்னா நிறுத்திடுவோம். அவ்வளவுதான், ரொம்ப எளிமை."

"என்னை மாதிரியே ஆளுக்கு எங்க போவீங்க?"

அந்த நேரம் பார்த்து டிரைவரின் மனைவி தண்ணீர்த் தம்ளர்களோடு உள்ளே வந்தாள். ஸ்டாப்வாட்ச் அவளைப் பார்த்தார். படிவத்தைப் பார்த்தார். மறுபடி அவளைப் பார்த்தார்.

"சார்," என்றார் குரல் நடுங்க, "தொண்ணூத்தாறு சதவீதம் பொருந்துது!"

"அட, கல்யாணத்தப்போ எனக்கும் இந்த மனுஷனுக்கும் ஒண்ணுமே பொருந்தலைன்னு எங்க வீட்டுல ஒரு மாசம் சண்டை. நீங்க அப்பவே வந்திருக்கலாம் தம்பி" என்றாள் அவள்.

இப்படியாக, ஐம்பது வருடம் மனைவியாக இருந்தவள் ஒரே காலையில் ஒப்பீட்டு நபர் ஆனாள். முப்பத்துநாலு பக்கச் சம்மதப் படிவத்தில் டிரைவர் கையெழுத்திட்டார். அதைப் படித்துப் புரிந்துகொண்டதாக இன்னொன்று. புரிந்துகொண்டதாகச் சொன்னது தன் விருப்பத்தின் பேரில்தான் என்று மூன்றாவது. பிறகு ஸ்டாப்வாட்ச் மண்டியிட்டு, வீட்டின் நடுவே தரையில் ஒரு மஞ்சள் நாடாவை ஒட்டினார். நாடாவுக்கு இந்தப் பக்கம் கட்டில், ஜன்னல், கழிவறை. இங்கே பராமரிப்பு உண்டு. அந்தப் பக்கம் சமையலறையும் ஒரு மர நாற்காலியும், அங்கே கிடையாது. நர்ஸ் இருக்கும் முக்கால் மணி நேரம் ஒப்பீட்டு நபர் நாடாவைத் தாண்டக் கூடாது. நர்ஸ் அவளைத் தொடக் கூடாது, பிரஷர் பார்க்கக் கூடாது, எந்த நாளிலும் எந்த ஆலோசனையும் சொல்லக் கூடாது.

"பாத்ரூம் போகணும்னா?" என்றாள் மனைவி.

"படிவம் எட்டு" என்றார் ஸ்டாப்வாட்ச்.

ஆராய்ச்சி தொடங்கியது. நர்ஸ் உள்ளே வந்ததும் முதல் பன்னிரண்டு நிமிடம் கேள்விகள்.

"கடந்த நாற்பத்தெட்டு மணி நேரத்தில் எத்தனை முறை மகிழ்ச்சி அடைந்தீர்கள்?" என்று ஸ்டாப்வாட்ச் படித்தார்.

டிரைவர் யோசித்தார். "நேத்து இவ ஏதோ சொன்னா, சிரிச்சேன். ஒண்ணு போட்டுக்கங்க."

"அது பராமரிப்பால வந்த மகிழ்ச்சியா, மனைவியால வந்ததா?"

"மனைவியாலதான்."

"அப்போ கழிக்கணும்."

"பார்த்தீங்களா, சிரிக்க வெச்சாலும் கழிச்சுடறாங்க" என்று நாடாவுக்கு அப்பாலிருந்து குரல் வந்தது.

"ஒப்பீட்டு நபர் பேசக் கூடாது!"

அடுத்து, ஐந்து வட்ட முகங்கள் வரைந்த அட்டை. அழுகிற முகத்திலிருந்து இளிக்கிற முகம் வரை. இன்றைய மனநிலையைத் தொட்டுக் காட்ட வேண்டும். "இதுல ஒருத்தனுக்கும் மீசையே இல்லையே" என்று டிரைவர் தயங்கியதில் நான்கு நிமிடம் போயிற்று. நர்ஸின் மணிக்கட்டில் ஒரு கருவி கட்டினார்கள். ஒரு வருகையில் எத்தனை முறை நோயாளியைத் தொடுகிறாள் என்று அது எண்ணும். அவள் குரலின் கனிவை அளக்க மேசைமேல் இன்னொரு கருவி. கனிவு கூடினால் சிவப்பு விளக்கு எரியும். மேம்பாலக் கதைக்குப் படிவத்தில் இடமில்லாமல் தலைமையகத்துக்கு எழுதிக் கேட்டார்கள். 'மருத்துவத் தொடர்பற்ற வாய்வழி வெளியேற்றம்' என்ற தலைப்பில் குறிக்குமாறு பதில் வந்தது. அன்றிலிருந்து டிரைவருக்குக் கதை சொல்லவே கூச்சமாக இருந்தது.

மூன்றாம் வாரம், ஸ்டாப்வாட்ச் பார்த்துக்கொண்டிருப்பதால் நர்ஸின் வேலை மாறுகிறதா என்று பார்க்க ஒருவர் வந்தார். நான்காம் வாரம், அவர் பார்ப்பதால் ஸ்டாப்வாட்ச்சின் பார்வை மாறுகிறதா என்று பார்க்க இன்னொருவர். மூவருக்கும் மூன்று நாற்காலிகள். மூன்றையும் போட ஒரே இடம்தான் இருந்தது: கட்டிலுக்கும் ஜன்னலுக்கும் நடுவே, நாடாவை ஒட்டி.

"சிஸ்டர், ரூட்டையே மறிச்சுட்டாங்க" என்றார் டிரைவர் வாக்கரைப் பிடித்தபடி.

"நாலு அடி நடங்க ஐயா. அதுக்கு மேல அவங்க மடியிலதான் நடக்கணும்."

கேள்வி, முகம், கருவி, கடைசியில் மூவரின் படிவங்களிலும் தனித்தனியாக நர்ஸின் கையெழுத்து எல்லாம் போக, முக்கால் மணி நேரத்தில் டிரைவரின் உடம்புக்கு மிஞ்சியது ஒன்பது நிமிடம். கட்டு மாற்றவே அது சரியாக இருந்தது. நடை நாலு அடியில் நின்றது.

நாடாவுக்கு அந்தப் பக்கம் வேறு கதை. டிரைவரின் மனைவி டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் முப்பது வருடம் வேலை பார்த்தவள். ஒரு காதில் ஒரு ஊர், மறு காதில் இன்னொரு ஊர், இரண்டையும் கேட்டுக்கொண்டே கையால் ஸ்வெட்டர் பின்னியவள். அப்படிப்பட்ட காதை வைத்துக்கொண்டு எட்டடி தூரத்தில் உட்கார்ந்திருந்தால் என்ன ஆகும் என்று நிறுவனத்தில் யாருக்கும் தோன்றவில்லை. படிவத்தில் 'செவித்திறன்' என்று ஒரு கட்டம் இருந்தது. அதில் 'வயதுக்கேற்ப' என்று எழுதியிருந்தார்கள்.

"குதிகாலைத் தூக்குங்க, பத்து எண்ணுங்க, இறக்குங்க" என்று நர்ஸ் சொல்வாள். டிரைவருக்கு நாற்காலிகள் இடித்தன. அவளுக்கு இடிக்கவில்லை. "நாற்காலியிலேர்ந்து கையை ஊனாம எழுங்க. பத்து தடவை." டிரைவருக்கு நேரமில்லை. அவளுக்கு நிறைய இருந்தது. உப்பைக் குறைக்கச் சொன்னதையும் அவளே கேட்டுக்கொண்டாள். அவர்கள் போனபிறகு, மத்தியானம், தான் கேட்டதை டிரைவருக்கும் செய்யவைக்கப் பார்ப்பாள். அவர் அதற்குள் பதில் சொல்லியே களைத்துத் தூங்கியிருப்பார்.

ஏழாம் வாரம் ஸ்டாப்வாட்ச் வரைபடத்தைப் பார்த்து முகம் வெளுத்தார். ஒப்பீட்டு நபரின் கோடு மாடிப்படி மாதிரி ஏறிக்கொண்டிருந்தது. டிரைவரின் கோடு படுத்திருந்தது.

"அம்மா, நீங்க தேறக் கூடாது."

"நான் என்ன பண்றது தம்பி, தானா வருது."

"நாற்காலியிலேர்ந்து எழும்போது கொஞ்சம் சிரமப்பட்டு எழுந்தீங்கன்னா..."

"சிரமப்பட்டா பராமரிப்பு கிடைக்குமா?"

"கிடைக்காது."

"அப்போ எதுக்கு?"

ஸ்டாப்வாட்ச் படிவக் கட்டைப் புரட்டிப் பார்த்தார். அதற்குப் படிவம் இல்லை.

எட்டாம் வாரம் இடைக்கால அறிக்கை தபாலில் வந்தது. இயக்குநரின் கையெழுத்தோடு, கெட்டித் தாளில். அதை மனைவி உரக்கப் படித்தாள்: "நர்ஸின் சேவையைப் பெறாத முதியோர், பெறும் முதியோரைவிட மூன்று மடங்கு வேகமாக நலம் பெறுவது ஐயத்துக்கிடமின்றி நிறுவப்பட்டுள்ளது. எனவே, நர்ஸைப் பெறாமலிருக்கும் அரிய வாய்ப்பினை இந்நகரின் முதியோர் அனைவருக்கும் விரிவுபடுத்துவதில் இந்நிறுவனம் பெருமை கொள்கிறது. பன்னிரண்டாம் வாரம் இறுதி அளவீட்டுக்குப் பின் இது நடைமுறைக்கு வரும்."

டிரைவர் அதை வாங்கித் தானும் ஒரு தடவை படித்தார். பிறகு, "நாலு வாரத்துல சிஸ்டர் நின்னுடுவாங்க. நான் இந்த நாலாவது மாடியிலேயே கிடக்க வேண்டியதுதான்" என்றார்.

"அழாதீங்க. அளவெடுக்க இன்னும் ஒரு நாள் இருக்கில்ல?"

"இந்தா பாரு, அன்னைக்கு மட்டும் நீ கொஞ்சம் நொண்டேன்."

"நானா? இந்த ஐம்பது வருஷத்துல நான் நொண்டி யாராவது பார்த்திருக்காங்களா? நல்லா இருக்கறவளைப் பார்த்து நொண்டுன்னு சொல்ல வெக்கமா இல்லை?"

"எனக்காகம்மா."

அவள் முறைத்தாள். பிறகு, "எத்தனாவது தடவை எழும்போது?" என்று கேட்டாள்.

"நாலாவது. ரெண்டாவதுன்னா சந்தேகம் வரும்."

"முனகணுமா?"

"லேசா. ரொம்ப வேண்டாம். உன் முனகல் யாருக்கும் பழக்கமில்லை."

பன்னிரண்டாம் வாரம் வெள்ளிக்கிழமை இயக்குநரே வந்தார். மூன்று நாற்காலியும் நிரம்பியிருந்ததால் சுவரோரமாக நின்றார். நர்ஸ் மூலையில், மணிக்கட்டுக் கருவியோடு. முதலில் டிரைவர் கட்டிலோரத்திலிருந்து ஆறு தடவை எழுந்தார், நாலு அடி நடந்தார், கட்டிலுக்கே திரும்பினார். படுத்திருந்த கோடு புரண்டுகூடப் படுக்கவில்லை.

பிறகு மனைவி. நாடாவுக்கு அப்பால் மர நாற்காலியிலிருந்து கையை ஊன்றாமல் எழுந்தாள், உட்கார்ந்தாள். இரண்டு. மூன்றாவது தடவை எழுந்தவள் அப்படியே நின்றாள். நாற்காலி முதுகைப் பிடித்தாள். லேசாக ஆடினாள்.

'இன்னும் ஒண்ணு இருக்கே, அவசரப்படறாளே' என்று டிரைவர் மனசுக்குள் சலித்துக்கொண்டார். முனகலுக்காகக் காத்திருந்தார். முனகல் வரவில்லை. ஒரு வார்த்தையும் வரவில்லை. ஐம்பது வருடத்தில் அவள் வாயிலிருந்து ஒன்றுமே வராத கணம் இதுதான். டிரைவர் கட்டிலோரத்தைப் பிடித்து எழுந்தார்.

இயக்குநரின் முகம் மலர்ந்தது. "வந்துடுச்சு! வித்தியாசம் வந்துடுச்சு! அம்மா, அப்படியே இருங்க, கலைச்சுடாதீங்க. இது ரொம்ப மதிப்புள்ள மயக்கம். நேரம் குறிச்சுக்கங்க!"

நர்ஸ் பாய்ந்தாள்.

"சிஸ்டர்! நாடா! நாடாவைத் தாண்டினா பன்னிரண்டு வாரமும் வீண்!" என்று கத்தினார் இயக்குநர்.

ஒரு கணம் எல்லோரும் நாடாவைப் பார்த்தார்கள். டிரைவர் மட்டும் பார்க்கவில்லை. வாக்கரை ஒரு பக்கம் தள்ளினார். "வழி விடுங்கடா! வண்டி வருது!" என்று ஒரு சத்தம். மூன்று நாற்காலிகளும் அலறிப் பிரிந்தன. நேராகப் போனார், நாடாவை மிதித்துப் போனார், மனைவி சரிவதற்கும் அவர் கை அவள் முதுகுக்குப் பின்னால் போவதற்கும் சரியாக இருந்தது. நர்ஸ் அவருக்குப் பின்னாலேயே வந்துவிட்டாள்.

படுக்கவைத்து, கால்களுக்குக் கீழே தலையணையை அடுக்கி, கையில் பட்டையைச் சுற்றிக் காற்றடித்தாள் நர்ஸ். "தொண்ணூறு. கீழே ஐம்பது" என்றாள். "உடம்பு தேறிடுச்சு, உப்பையும் குறைச்சிருக்காங்க. ஆனா பிரஷர் மாத்திரை மட்டும் பழைய அளவுலயே ஓடிட்டிருக்கு. நான் பழையபடி பார்த்திருந்தா ரெண்டாவது வாரமே டாக்டர்கிட்ட சொல்லிக் குறைச்சிருப்பேன். மூணு மாசமா கையைத் தொடவே விடலையே!" கனிவுக் கருவியில் சிவப்பு விளக்கு எரிந்தது. அது கனிவினால் இல்லை.

மனைவி கண் திறந்தாள். "ஏங்க, இது நடிப்பில்லை" என்றாள் முதலில். அடுத்து, "உங்க வாக்கர் எங்க?" என்றாள்.

"அங்க நிக்குது."

"நீங்க இங்க நிக்கறீங்க?"

டிரைவர் அப்போதுதான் தன் காலைக் குனிந்து பார்த்தார்.

"சார், பதினோரு அடி, ஒன்பது விநாடி" என்றார் ஸ்டாப்வாட்ச். "இதை எந்தக் கட்டத்துல போடறது?"

"எங்கயும் போடாதீங்க!" இயக்குநர் தலையில் கை வைத்துக்கொண்டார். "நோயாளியே ஒப்பீட்டு நபரைப் பராமரிச்சுட்டார். ஆராய்ச்சி கறைபட்டுப் போச்சு!"

"சார், கறை இன்னைக்குப் படலை" என்றாள் படுத்தபடியே மனைவி. "சிஸ்டர் சொன்னதெல்லாம் முதல் நாளிலேர்ந்து நான் கேட்டுட்டுத்தான் இருக்கேன். குதிகால் தூக்கறது, எழுந்து உட்கார்றது, உப்பு, எல்லாம். இவருக்குக் குடுத்த பராமரிப்பை இவருக்குக் கிடைக்காம நீங்க தடுத்தீங்க. அது வீணாகக் கூடாதேன்னு நான் எடுத்துக்கிட்டேன்."

இயக்குநர் அன்றுதான் முதல்முறையாக அந்த வீட்டில் உட்கார்ந்தார். உரை வரவில்லை. விதி நாற்பத்தொன்றைத்தான் சொல்ல முடிந்தது: கறைபட்ட ஆராய்ச்சியை வைத்து எந்த முடிவும் எடுக்கக் கூடாது, கறையில்லாத புது ஆராய்ச்சி முடியும்வரை பழைய ஏற்பாடு தொடர வேண்டும். அதாவது நர்ஸ் வருவாள். தொடப்பட்டுவிட்ட மனைவியை இனி ஒப்பீட்டுக்கு வைக்க முடியாது. அவளும் பராமரிப்புப் பட்டியலில் சேர்ந்தாள். நாடாவை உரித்தார்கள். நாற்காலிகள் கீழே இறங்கின. அடுத்த வாரம் டிரைவரும் ஒரு மாடி இறங்கினார்.

நிறுவனம் இப்போது புத்திசாலித்தனமாகத் தேடியது. துணை இல்லாத, பிள்ளைகள் எட்டிப் பார்க்காத, பக்கத்து வீட்டார் கதவு தட்டாத முதியோர்தான் இனி ஒப்பீட்டு நபர்கள். தேடியதில் அப்படி நிறையப் பேர் இருந்தார்கள். அது பற்றி நிறுவனத்துக்கு மிகுந்த திருப்தி. ஆறு பேரைத் தேர்ந்தெடுத்து, வாரத்துக்கு மூன்று நாள் ஸ்டாப்வாட்ச்சை அனுப்பி அளக்கச் சொன்னார்கள்.

ஆறு பேரும் தேறத் தொடங்கினார்கள்.

ஒரு பெரியவர் இரண்டாம் வாரமே முகம் மழித்துச் சட்டை மாட்டிக்கொண்டு வாசலில் காத்திருந்தார். பேச்சே வராது என்று குறிக்கப்பட்டிருந்த ஒரு அம்மா, முகங்கள் வரைந்த அட்டையைப் பார்த்து, "இவன் ஏன் இப்படி இளிக்கறான்?" என்று கேட்டாள். நாற்பத்தெட்டு மணி நேரத்தில் எத்தனை முறை மகிழ்ச்சி என்ற கேள்விக்கு ஆறு பேரும் ஒரே பதில் சொன்னார்கள்: "ஒரு தடவை. இப்போ, நீங்க கதவைத் தட்டினப்போ." இயக்குநர் ஆறு பேரையும் நீக்கிவிட்டு வேறு ஆறு பேரைப் பிடித்தார். அவர்களும் மூன்று வாரத்தில் கெட்டுப்போனார்கள், அதாவது நன்றாகிவிட்டார்கள். விதி நாற்பத்தொன்றின்படி பழைய ஏற்பாடு தொடர்ந்தது.

ஒரு வெள்ளிக்கிழமை பத்து மணி. நர்ஸ் டிரைவரின் மனைவிக்குப் பிரஷர் பார்த்துக்கொண்டிருந்தாள். கதவு தட்டப்பட்டது. ஸ்டாப்வாட்ச். கையில் படிவக் கட்டு இல்லை. கழுத்தில் கடிகாரமும் இல்லை. கடையில் வாங்கிய ஒரு சுருள் கட்டுத்துணி மட்டும் இருந்தது.

"என்ன தம்பி, எங்களை மறுபடி அளக்கப் போறீங்களா?" என்றாள் மனைவி.

"இல்லம்மா. சிஸ்டரைப் பார்க்க வந்தேன்." நெற்றியைத் துடைத்துக்கொண்டார். "என்னோட ஒப்பீட்டு நபர் ஒருத்தர். ஒண்டிக்கட்டை. படுத்தே கிடந்ததுல குதிகால்ல புண்ணு வெச்சிருக்கு. டாக்டர்கிட்ட சொல்லிட்டேன், நாளைக்குத்தான் வருவாராம். அதுவரைக்கும் கட்டு போட்டு வைங்கன்னாரு."

"ஒப்பீட்டு நபரைத் தொடக் கூடாதுன்னு நீங்கதானே விதி சொன்னீங்க?" என்றார் டிரைவர்.

"ஆமா, விதி இருக்கு."

"படிவம்?"

"அதுவும் இருக்கு."

ஸ்டாப்வாட்ச் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து, நர்ஸுக்கு எதிரே தரையில் உட்கார்ந்து, கட்டுத்துணியைப் பிரித்தார்.

"சிஸ்டர், எந்தப் பக்கத்திலேர்ந்து சுத்தணும்?"